'இல்லை' என்றால் எவ்வளவு இல்லை?

தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை என்று ஒன்றை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். ஊராட்சி அலுவலகச் சுவரிலோ, தண்ணீர் கேன் கம்பெனியின் விளம்பரத்திலோ. கடினத்தன்மை இவ்வளவு, குளோரைடு இவ்வளவு, புளோரைடு இவ்வளவு என்று வரிசையாக எண்கள் இருக்கும். கீழே ஈயம், ஆர்செனிக், காட்மியம், பாதரசம் என்று வரும் இடத்தில் மட்டும் எண்ணுக்குப் பதில் 'பி.டி.எல்.' என்று போட்டிருப்பார்கள். 'கண்டறியும் எல்லைக்குக் கீழே' என்று அர்த்தம். நம்மில் முக்கால்வாசிப் பேர் அதை 'இல்லை' என்று படித்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவோம்.

அந்த மூன்றெழுத்தை அப்படிப் படிக்கக்கூடாது என்பதுதான் என் கட்சி. அது தண்ணீரைப் பற்றிச் சொல்வதைவிட, அளந்த கருவியைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. "எனக்குத் தெரிந்தவரை இல்லை" என்று ஒருவர் சொன்னால், உங்களுக்கு எவ்வளவு தூரம் கண் தெரியும் என்று கேட்போமா இல்லையா? அதே கேள்வியைக் கருவியிடமும் கேட்க வேண்டும்.

வேதியியல் படிக்கிற பையன் என்பதால் கொஞ்சம் பாடம் நடத்தப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். குற்றாலம் வரைக்கும் போகிற விஷயம் இது. :-)

எண்பத்து மூன்று லாரியில் ஒரு கிராம்

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500, 2012) பாதரசத்துக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். அதாவது 1 மைக்ரோகிராம். ஆர்செனிக்குக்கும் ஈயத்துக்கும் 10 மைக்ரோகிராம். காட்மியத்துக்கு 3.

1 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? பத்து லட்சம் லிட்டர் தண்ணீரில் ஒரே ஒரு கிராம். 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரியில் ஏற்றினால் 83 லாரி ஆகும். பழைய காய்ச்சல் தெர்மாமீட்டர் ஒன்றுக்குள் இருந்த பாதரசம் ஏறக்குறைய ஒரு கிராம்தான். அது முழுக்கக் கரைந்து கலந்தால் 83 லாரித் தண்ணீரும் வரம்பைத் தொட்டுவிடும்.

இவ்வளவு கொஞ்சமாக இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கல்லூரி ஆய்வகத்தில் நாம் பார்க்கிற சாதாரண அணு உறிஞ்சல் கருவி, தண்ணீரைப் பொடிச்சாரலாக்கிச் சுடருக்குள் அனுப்பும். இதில் இரண்டு சிக்கல். அனுப்பிய தண்ணீரில் பத்தில் ஒரு பங்குகூடச் சுடருக்குப் போய்ச் சேராது. போகிறதும் உப்பு, சுண்ணாம்பு என்று எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போகும். பாதரசத்தைச் சுடரில் அளந்தால் வரம்பைப் போல நூறு மடங்குக்கு மேல் இருந்தால்தான் கருவி கண் திறக்கும். அப்படி ஒரு கருவியில் பார்த்துவிட்டு 'பி.டி.எல்.' என்று எழுதினால் அது பொய் இல்லை. ஆனால் பயனும் இல்லை.

இதற்கு வேதியியலாளர்கள் கண்டுபிடித்த வழி அழகானது. பாயசத்தில் ஏலக்காய் போட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நாம் கரண்டி போட்டுத் தேடுவதில்லை. மூக்கே சொல்லிவிடும். ஏலக்காயின் வாசனை பாயசத்தை விட்டு எழுந்து தானாக வருகிறது. சர்க்கரையும் சேமியாவும் வருவதில்லை. அதேபோல, நமக்கு வேண்டிய உலோகத்தை மட்டும் ஆவியாக்கித் தண்ணீரிலிருந்து பிரித்து எழுப்பிவிட்டால்? மற்ற குப்பையெல்லாம் தண்ணீரிலேயே தங்கிவிடும். ஆவி மட்டும் கருவிக்குப் போகும்.

பாதரசத்துக்கு இது ரொம்ப சுலபம். தண்ணீரில் அமிலம் சேர்த்து ஸ்டானஸ் குளோரைடு ஊற்றினால், கரைந்திருக்கும் பாதரச அயனிகள் உலோகப் பாதரசமாக மாறும். காற்றையோ ஆர்கானையோ ஊதினால் அது ஆவியாக வெளியேறும். அறை வெப்பநிலையிலேயே தனித்தனி அணுக்களாக இருக்கும் உலோக ஆவி அது ஒன்றுதான், அதனால் சுடரே வேண்டாம். ஒரு கண்ணாடிக் குழாய் வழியாக அனுப்பி, 253.7 நானோமீட்டர் அலைநீள ஒளி எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று பார்த்தால் போதும். 'குளிர் ஆவி முறை' என்று பெயர். ஹேட்ச், ஆட் என்ற இருவர் 1968-ல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு உலகமெங்கும் பரவியது.

ஆர்செனிக், செலினியம், ஆன்டிமனி மாதிரி ஆட்களுக்கு சோடியம் போரோஹைட்ரைடு. அது அவற்றை ஹைட்ரைடு வாயுவாக மாற்றிவிடும். சூடான குவார்ட்ஸ் குழாயில் அந்த வாயு உடைந்து அணுவாகும். இதன் கொள்ளுத்தாத்தா 1836-ல் ஜேம்ஸ் மார்ஷ் கண்டுபிடித்த சோதனை. விஷம் வைத்துக் கொன்ற வழக்குகளில், இறந்தவர் உடலில் இருந்த ஆர்செனிக்கை வாயுவாக்கிக் கண்ணாடியில் கறுப்புப் படலமாகக் காட்டியது அது. கொலைகாரனைப் பிடிக்கத் தொடங்கிய தந்திரம், இன்று கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கிறது.

கொடைக்கானல் சொல்லும் பாடம்

நம் தமிழ்நாட்டில் இந்தக் கதையின் பெரிய அத்தியாயம் கொடைக்கானல். அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஊரில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு இடம் மாறி வந்தது. பாண்ட்ஸ் நிறுவனத்திடம் இருந்து பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடையில் கிடப்பதை மக்கள் கண்டுபிடித்துப் போராடினார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேர் விஷயத்தில் 2016-ல்தான் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை விட்டுவைக்கலாம் என்ற அளவுகோல் போதாது என்று இயக்கத்தினர் பல ஆண்டுகள் வாதாடினார்கள்.

இதெல்லாம் பலருக்கும் தெரிந்திருக்கும். நான் சொல்ல வருவது ஏரித் தண்ணீரைப் பற்றி.

அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வகத்து விஞ்ஞானிகள் கொடைக்கானல் ஏரியின் தண்ணீர், வண்டல், மீன் மூன்றையும் எடுத்து அளந்து 2006-ல் வெளியிட்டார்கள். ஏரித் தண்ணீரில் மொத்தப் பாதரசம் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம். அதில் மெத்தில் பாதரசம் சுமார் 50 நானோகிராம். ஆலையிலிருந்து வெளியேறிய பாதரசத்தால் ஏரி மாசுபட்டிருக்கிறது என்பது அவர்கள் முடிவு.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 1000 நானோகிராம் ஒரு மைக்ரோகிராம். அப்படியானால் 465 நானோகிராம் என்பது 0.465 மைக்ரோகிராம். குடிநீர் வரம்பு எவ்வளவு? 1 மைக்ரோகிராம்!

புரிகிறதா? மாசுபட்டது என்று விஞ்ஞானிகள் நிரூபித்த அதே ஏரித் தண்ணீர், குடிநீர்த் தரத்தின்படி பாஸ். 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால்தான் கண் தெரியும் என்கிற ஒரு கருவியிடம் கொடுத்திருந்தால் 'பி.டி.எல்.' என்று முத்திரை குத்தி அனுப்பியிருக்கும். மாசுபடாத ஏரி, ஆறுகளில் பாதரசம் பொதுவாக லிட்டருக்குச் சில நானோகிராம்தான் இருக்கும். அதோடு ஒப்பிட்டால்தான் 400 என்பது எவ்வளவு பெரிய எண் என்று தெரியும்.

குடிக்கிற தண்ணீர் வரம்புக்குள் இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். பாதரசத்தின் குணம் அப்படி இல்லை. வண்டலில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக்கும். அதைப் பாசி உண்ணும், பாசியைச் சின்ன மீன் உண்ணும், சின்ன மீனைப் பெரிய மீன். ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறி, தண்ணீரில் இருந்ததைவிட லட்சக்கணக்கான மடங்கு ஆகிவிடும். 1956-ல் ஜப்பானின் மினமாட்டாவில் தெரியவந்த நோய் இப்படி மீன் வழியாக வந்ததுதான்.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறொன்று. அவர்கள் கொடைக்கானல் ஏரியோடு நிறுத்தவில்லை. பேரிஜம் ஏரியிலும் கூக்காலிலும் அளந்தார்கள். வண்டலில் கொடைக்கானலில் அதிகம், பேரிஜத்தில் அதைவிடக் குறைவு, கூக்காலில் இன்னும் குறைவு. ஒப்பிட இன்னொரு நீர்நிலை இருந்ததால்தான் "இது ஆலையிலிருந்து வந்தது" என்று அழுத்தமாகச் சொல்ல முடிந்தது. ஒப்பிட எதுவும் இல்லையென்றால், "மலையிலேயே இயற்கையாக அவ்வளவு இருக்கும் சார்" என்று யாராவது சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

தேடாததைக் காண முடியாது

வங்கத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் 1992-ல் பங்களாதேஷில் சுமார் 150 கிணறுகளின் தண்ணீரைச் சோதித்து ஒரு அறிக்கை கொடுத்தது. பல தனிமங்களைப் பார்த்தார்கள். ஆர்செனிக்கைப் பார்க்கவில்லை. அறிக்கையில் ஆர்செனிக் என்ற வரியே இல்லாததால் பிரச்சினையும் இல்லை என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். பாதிக்கப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கு லண்டன் பிரபுக்கள் சபை வரை போய் 2006-ல் தள்ளுபடி ஆனது. நிறுவனத்துக்கு அந்தக் கடமை இல்லை என்பது தீர்ப்பு. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அந்த மக்கள் குடித்தது குடித்ததுதானே?

இந்தப் பக்கம் மேற்கு வங்கத்தில் நடந்ததைப் பாருங்கள். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தீபங்கர் சக்ரவர்த்தியும் அவருடைய மாணவர்களும் இருபது வருடங்களாகக் குழாய்க்கிணறு குழாய்க்கிணறாகப் போய்த் தண்ணீர் பிடித்து வந்து, ஹைட்ரைடு ஆவி முறையில் அளந்தார்கள். 2009-ல் வெளியிட்ட கணக்கில் 1,40,150 மாதிரிகள்! அதில் 48 சதவீதத்துக்கும் மேல் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற அளவைத் தாண்டியவை. ஒரு பல்கலைக்கழகத் துறை செய்த வேலை இது. நம்மைப் போல எம்.எஸ்ஸி., பிஎச்.டி. படித்த பிள்ளைகள் செய்த வேலை.

அறிக்கையில் என்ன கேட்க வேண்டும்?

ஆவி முறையில் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். அதிலும் ஓட்டைகள் உண்டு.

1. மெத்தில் பாதரசம் ஸ்டானஸ் குளோரைடுக்கு மசியாது. முதலில் பெர்மாங்கனேட், பெர்சல்பேட் மாதிரி எதையாவது போட்டு அதைச் சிதைக்க வேண்டும். அந்தப் படியை விட்டுவிட்டால் இருப்பதிலேயே ஆபத்தான வடிவம் கணக்கிலேயே வராது.

2. ஆர்செனிக்கிலும் அப்படித்தான். ஐந்து இணைதிற வடிவம் மெதுவாகத்தான் ஹைட்ரைடு ஆகும். பொட்டாசியம் அயோடைடு சேர்த்து மூன்று இணைதிறத்துக்கு இறக்கிய பிறகு அளக்க வேண்டும். இல்லாவிட்டால் எண் குறைவாக வரும்.

3. பாட்டில். சாதாரண பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து அமிலம் சேர்க்காமல் இரண்டு வாரம் வைத்தால், பாதரசம் சுவரில் ஒட்டியும் சுவர் வழியே தப்பியும் போய்விடும். ஆய்வகம் சுத்தமாக இல்லையென்றால் இதற்கு நேர் எதிராக, இல்லாத பாதரசம் உள்ளே வந்துவிடும். எப்போதோ தெர்மாமீட்டர் உடைந்த அறையில் அளந்தால் அந்த அறையையும் சேர்த்துத்தான் அளப்போம். அதனால்தான் வெறும் தூய நீரையும் அதே பாட்டில், அதே அமிலம், அதே வழி என்று கடத்தி ஒரு 'வெற்று மாதிரி' அளக்கச் சொல்கிறார்கள்.

ஆகவே ஒரு அறிக்கை என்றால் அதில் எந்த முறை, கண்டறியும் எல்லை எவ்வளவு, வெற்று மாதிரி என்ன காட்டியது, தண்ணீர் எந்தத் தேதியில் எங்கே பிடித்தது என்ற நான்கு விவரமாவது இருக்க வேண்டும். இது இல்லாத 'பி.டி.எல்.'-ஐ நான் 'பார்க்கவில்லை' என்றுதான் படிப்பேன். நீங்களும் அப்படியே படியுங்கள்.

குற்றாலத்துக்கு வருவோம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குற்றாலத் தண்ணீரில் பாதரசம் இருக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் சீசனுக்கு வராமல் இருந்துவிடாதீர்கள், அல்வாக் கடைக்காரர்கள் என்னை அடிக்க வருவார்கள்! நான் கேட்பது வேறு. நாளைக்கு யாராவது "கலந்துவிட்டது" என்று சொன்னால், ஒப்பிடுவதற்கு இன்றைய எண் நம்மிடம் வேண்டாமா?

கொடைக்கானல் ஆலையின் பின்பக்கச் சரிவு பாம்பார் சோலை. அந்தப் பாம்பாறுதான் கீழே இறங்கிக் கும்பக்கரை அருவியாகக் கொட்டுகிறது. மலை மேலே நடப்பது அருவி வழியாகச் சமவெளிக்கு வரும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம். நம் சிற்றாறும் அதே மாதிரிதான். திரிகூட மலையில் பிறந்து, தேனருவி, செண்பகாதேவி, பேரருவி என்று இறங்கி, தென்காசியைத் தாண்டி, ஐந்தருவி ஆறு, அரிகர நதி, குண்டாறு, அனுமன் நதி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. வழி நெடுக வயலும் குளமும் கிணறும்.

அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் போடக்கூடாது என்று 2014-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. நல்ல விஷயம். சோப்பு நுரை கண்ணுக்குத் தெரியும், அதனால் வழக்குப் போட முடிந்தது. உலோகத்துக்கு நுரையும் வராது, நிறமும் வராது, வாடையும் வராது. உடைந்த டியூப் லைட், பழைய பேட்டரி, ஆஸ்பத்திரிக் கழிவு என்று எதுவும் அமைதியாகத்தான் வரும். 2024 டிசம்பரில் கேரளாவிலிருந்து வந்த மருத்துவக் கழிவை நெல்லை அருகே நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கொட்டியதும், பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டபின் லாரிகள் வந்து திரும்ப அள்ளிக்கொண்டு போனதும் நினைவிருக்கும். அள்ளிய பிறகு மண்ணிலும் தண்ணீரிலும் என்ன மிச்சம் என்பதை முந்தைய எண் ஒன்று இருந்தால்தானே சொல்ல முடியும்?

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனது. புது மாவட்டத்துக்கு என் சிபாரிசு இதுதான். செண்பகாதேவிக்கு மேலே, பேரருவிக்குக் கீழே, ஐந்தருவி, தென்காசி தாண்டி சிற்றாறு, சீவலப்பேரி என்று ஐந்து இடம். சீசனுக்கு முன் மே மாதம், சீசனில் ஜூலை, வடகிழக்கு மழை முடிந்து டிசம்பர் என்று மூன்று முறை. தண்ணீரோடு வண்டலும். பாதரசமும் ஆர்செனிக்கும் ஆவி முறையில், நானோகிராம் வரை தெரியும்படி. முடிவுகள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும்.

மூன்று மறுப்புகள்

"செலவு?" என்பீர்கள். பெரிய பிளாஸ்மா நிறமாலைக் கருவி எல்லாம் ஒவ்வொரு ஊருக்கும் வாங்க முடியாதுதான். ஆனால் குளிர் ஆவிக் கருவி மேஜை மேல் அடங்கும் சமாச்சாரம். சுடர் வேண்டாம், அசிட்டிலின் சிலிண்டர் வேண்டாம். ஹைதராபாத்தில் உள்ள அரசு நிறுவனமான இ.சி.ஐ.எல்.-லே இந்த வகைப் பாதரச ஆய்வுக் கருவியைத் தயாரித்திருக்கிறது. நம் பகுதிக் கல்லூரிகளில் வேதியியல் துறைகள் இருக்கின்றன, வருடாவருடம் புராஜெக்ட் தலைப்புக்கு அலைகிற மாணவர்களும் இருக்கிறோம். வெளியேறும் பாதரச ஆவியைப் பிடித்து வைக்கும் ஒழுங்கோடு செய்தால் போதும். கருவியைவிடக் கஷ்டம் பாட்டிலை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுவதுதான். அதற்குக் காசு வேண்டாம், பொறுமை வேண்டும்.

"ஏற்கனவே கிராமங்களில் சோதிக்கிறார்களே?" 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்கே களப் பரிசோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சி தருகிறார்கள். உண்மையிலேயே பாராட்ட வேண்டும். அதில் பார்ப்பது பெரும்பாலும் கடினத்தன்மை, குளோரைடு, புளோரைடு, இரும்பு, நைட்ரேட், குளோரின் மாதிரி விஷயங்கள். பாதரசம் அந்தப் பெட்டிக்குள் அடங்காது. ஆர்செனிக்குக்குத் தனிப் பெட்டி உண்டு, அதுவும் ஆவி முறைதான். வாயுவாக வந்த ஆர்செனிக், மெர்க்குரிக் புரோமைடு தடவிய காகிதத்தில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறை போடும். ஒரு விஷத்தைப் பிடிக்க இன்னொரு விஷம்!

"தேவையில்லாத பீதி கிளப்புகிறாய்." இதுதான் அதிகம் வரும் மறுப்பு. எண் இல்லாத இடத்தில்தான் பீதி வளரும் என்பது என் எண்ணம். ஒரு வாட்ஸப் வதந்தி போதும், ஒரு சீசன் வியாபாரம் படுத்துவிடும். "போன மே மாதம் 3 நானோகிராம், இந்த மே மாதமும் 3" என்று காட்ட முடிந்தால் வதந்தி அன்றைக்கே செத்துப் போகும். கடைக்காரர்களுக்கும் இது காப்பீடுதான்.

மினமாட்டா பெயரிலேயே 2013-ல் ஒரு சர்வதேச உடன்படிக்கை வந்தது. இந்தியா 2018-ல் அதை ஏற்று உறுதி செய்தது. டெல்லியில் போட்ட கையெழுத்துக்கு நம் ஊரில் அர்த்தம் வர வேண்டுமானால், யாராவது சுத்தமான ஒரு பாட்டிலோடு ஆற்றங்கரைக்குப் போக வேண்டும்.

அடுத்த முறை 'பி.டி.எல்.' என்று எங்கேயாவது பார்த்தால், "எல்லை எவ்வளவுங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் உண்மையிலேயே அளந்திருக்கிறார். தெரியாதவரிடம் அந்த அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நம் துறைத் தோழர்கள் யாராவது சிற்றாற்றை புராஜெக்டாக எடுக்கத் தயார் என்றால் சொல்லுங்கள், பாட்டில் கழுவ நான் வருகிறேன்.